ஏழு பெங்களூரா

புலப்படத்தில் எங்கள் ஓடை எட்டு மீட்டர்.
தரையில்,
சினை ஆடு ஒன்று யோசிக்காமல் தாண்டிவிடும்.

சர்வேயர் சங்கிலியை உதறிப் போட்டபோது
மணி பத்து. மாசி வெயில்.
என் கையில் நாற்பது பக்க நோட்டு,
சந்தூர்க் கடையில் வாங்கியது,
பின்னட்டையில் வாய்ப்பாடு.
நொச்சிப்பட்டி ஓடைக் குழுவுக்கு நான்தான் செயலாளர்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று என்னைப் போட்டார்கள்,
எழுதத்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

கரட்டில் விழுகிற மழை
கீழே ஏரிக்கு வந்தாக வேண்டும்.
வருவதில்லை.
போன ஐப்பசியில் மூன்று நாள் கொட்டியது.
தார் ரோட்டில் ஓடி,
பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குள் புகுந்து,
எங்கோ போனது.
மறுநாளும் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
பந்து மட்டும் கொஞ்சம் நனைந்தது.

எழுதினேன்:
காவேரியப்பன், கல் வேலி, பதினொரு மீட்டர்.
சாக்கம்மா, மாட்டுக் கொட்டகை, பாதி.
(மறு பாதியைக் காட்டி, "இதையும் எழுதிக்கோ,
ஒத்தைக்கால் கொட்டகையை வச்சு
நான் என்ன பண்ண" என்றாள்.)
மாரியம்மன், மேடை, ஒன்று.
அம்மனுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பதென்று
அரைமணி நேரம் பேச்சு.
கடைசியில் பூசாரி முனிராஜே கடப்பாரை எடுத்தார்.

அப்புறம் சங்கிலி
எங்கள் தோப்புக்குள் நுழைந்தது.

ஏழு பெங்களூரா. பதினாலு வருஷ மரம்.
கூழ் கம்பெனி லாரி வருகிற மாதம்
பெரியவளுடைய காலேஜ் ஃபீஸ் அந்த ஏழும்தான்.
பூ பிடித்திருந்தது. தலைக்கு மேல் தேனீச் சத்தம்.
திம்மராயன் சங்கிலி நுனியைச்
செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.
"அளவு தப்பு" என்றார்.
மறுபடி அளந்தார்கள்.
"இன்னொரு தடவை."
மூன்றாம் தடவை
ஒரு முழம் கூடுதலாகத்தான் வந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
சாக்கம்மா கைச்சாணத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு
என் பேனாவைப் பார்த்தாள்.

காய் பறித்தபின் வெட்டலாமே என்றார் தலைவர்,
நல்ல மனசோடுதான்.
ஆனி போகட்டும், மழைக்கு நாளிருக்கிறதே என்றார்.
"எங்க வேலிக்குக் காய்ப்பு இல்லை பாருங்க"
என்றார் காவேரியப்பன், சிரிக்காமல்.

எழுதினேன்:
திம்மராயன், மாமரம், ஏழு.
ரேஷன் கார்டு, பாங்கு பாஸ்புக்,
பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றிலும்
எழுதி எழுதிப் பழகிய பெயர்.
அன்று ஓர் எழுத்து பிசகியது. அடித்துத் திருத்தினேன்.
திருத்திய இடத்தில், விதிப்படி,
சுருக்கொப்பம் போட்டேன்.

வெட்டும்போது பூ உதிர்ந்து
ரம்பப் பல்லெல்லாம் மஞ்சள்.
விறகு செங்கல் சூளைக்குப் போனது.
அவர் அதற்கப்புறம் உப்பு, கரண்ட் பில், உரம் பற்றிப் பேசினார்.
தோப்பைப் பற்றி
சொம்பை வைக்கிற சத்தத்தில் மட்டும் பேசினார்.

குவாரியில் கழித்த கல் இனாமாகக் கிடைத்தது.
குறுக்கே மூன்று இடத்தில் அடுக்கினோம்.
துளை போட்ட தடம் தெரியும் கற்கள்,
ஒன்றிரண்டில் ஒருபக்கம் பாலிஷ்கூட ஏறியிருந்தது.
எந்த ஊர் ஓட்டல் தரைக்குப் போகவேண்டியதோ,
விரிசல் விட்டதால் எங்களோடு தங்கிவிட்டது.
நாற்பது பேர் வருவதாகச் சொன்னார்கள்.
இருபத்தாறு பேர் வந்தார்கள்.
நோட்டில் இருபத்தாறுதான் இருக்கிறது.

ஆவணி. இரவு ஒன்றரை.
தூரத்தில் யாரோ அண்டாவை
மணல் போட்டுத் தேய்ப்பதுபோல் சத்தம்.
பக்கத்துப் பாய் காலி.
தோப்புப் பக்கம் டார்ச் வெளிச்சம்.

ஓடை வந்திருந்தது,
செம்மண் நிறத்தில், நுரையும் சருகும்
யாருடையதோ ஒற்றைச் செருப்புமாக.
அடிமரம் ஏழையும் சுற்றிச் சுற்றிப் போனது.
முழங்காலுக்கு மேல் இறங்கி
கையில் சர்வே குச்சியோடு
அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார் திம்மராயன்.
நான் வந்தது தெரிந்து,
திரும்பாமலே சொன்னார்:

"அன்னைக்கே சொன்னேனே, அளவு தப்புன்னு.
எட்டு பத்தலை.
ஒம்பதரை. எழுதிக்கோ."

நோட்டு வீட்டிலிருந்தது.